பல்சாங் எறிந்த கல்

இமயத்துச் சாமா ஊரில் புங்கியன் மலை சாமி; அதை யாரும் விரல் நீட்டிக் காட்டமாட்டார்கள். பல்சாங் அதன் தோள்வரை ஏறிப் போனவன். ஜப்பானிலிருந்து மலையேற வந்தவர்களுக்கு மூட்டை தூக்க ஊரில் ஒருவரும் சம்மதிக்காதபோது அவன் மட்டும் போனான். அந்த வருஷம் பார்லி பொய்த்திருந்தது. மேலே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடும் ஆசையும் சின்ன வயசிலிருந்தே அவனுக்கு இருந்தது.

மலையடி மடத்தில் துறவியாக இருந்த பூட்டி என்பவள், அவன் மனைவி சோக்யியின் அக்கா. அவள் வழியை மறித்தாள்.

"என்ன மாப்ளே, சாமி தலையில ஆணி அடிக்கப் போறியாக்கும்?"

"ஆணி அடிக்கிறது அவங்க, அக்கா. நான் மூட்டைதான் தூக்குறேன்."

"நல்லாத்தான் பேசுற. மலைக்கு உன்னையும் அவங்களையும் பிரிச்சுப் பாக்கத் தெரியுமா?"

திட்டிக்கொண்டே வறுத்த மாவுப் பையை அவன் அங்கிக்குள் திணித்துவிட்டுப் போனாள்.

அந்த முறை அவர்களால் உச்சியைத் தொட முடியவில்லை. மேல் கூடாரத்தில் ஓகினோ என்ற இளைஞனின் கால்விரல்கள் குளிரில் கறுத்துவிட்டன. பல்சாங் அந்தக் கால்களைத் தன் வெறும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தான். விடைபெறும்போது ஓகினோ மலையைக் காட்டி, மறுபடி வருவேன் என்று சைகை செய்தான்.

குளிர்காலத்தில் பனி விடாமல் கொட்டியது. ஒரு காலை, காதில் விழுவதற்கு முன்பே அந்தச் சத்தம் காலுக்குத் தெரிந்தது. அடுப்பின் மேலிருந்த கெண்டி நடுங்கியது. வெளியே ஓடி வந்து பார்த்தபோது மடம் இருந்த இடத்தில், மலையிலிருந்து சரிந்த பனி வெள்ளைப் புகையாக எழும்பிக்கொண்டிருந்தது. பனி உருகிய பிறகுதான், யாக் மேய்க்கப் போனவர்கள் பூட்டியின் உடலைக் கண்டார்கள்.

மலையைக் கோபப்படுத்திவிட்டான் என்று ஊரில் யாரும் பல்சாங்கை நேராக ஏசவில்லை. அவன் வந்தால் தண்ணீர்த்துறையில் பேச்சு நின்றது. கூட்டு ஏருக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. சோக்யி அவனுக்குத் தேநீரை ஊற்றி வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனாள்.

ஜப்பான்காரர்கள் மறுபடி வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் ஊர்த்தலைவர் வாங்டி பல்சாங்கின் வீட்டுக்கு வந்தார்.

"நீதான் முன்னால நிக்கணும்."

"பேசிப் பாக்குறேன் பெரியவரே. நான் சொன்னா கேப்பாங்க."

"பேச்செல்லாம் வேணாம். மொதக் கல்லு உன் கையிலேருந்து போகட்டும். நீ எந்தப் பக்கம்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

ஊர் எல்லையில் ஆண்களும் பெண்களும் கம்போடும் கல்லோடும் நின்றார்கள். வந்தவர்களில் ஒருவன் காலை இழுத்து இழுத்து நடந்தான். பல்சாங்கைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பல்சாங்!" என்று கத்தியபடி இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தான்.

பல்சாங் எறிந்தான். கல் ஓகினோவின் நெஞ்சில் பட்டது. அவன் விரித்த கைகளை இறக்கவும் மறந்து அப்படியே நின்றான். பிறகுதான் மற்றவர்களின் கற்கள் பறந்தன. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அன்று மாலை ஏர்க்கூட்டாளி வந்து பல்சாங்கோடு உட்கார்ந்து பார்லிக் கள் குடித்தான். பல்சாங் தன் கோப்பையைத் தொடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அரசாங்க உத்தரவோடு வேறு ஆட்கள் வந்தார்கள். தடுக்க முடியவில்லை. அவர்கள் உச்சியில் ஏறி நின்றார்கள் என்ற செய்தி வந்ததும் ஊரே ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரை போய்க் காத்திருந்தது. மலை அசையவில்லை. ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீடு திரும்பினார்கள். அடுத்த குளிர்காலத்திலும் எதுவும் விழவில்லை.

மாவு பிசைந்துகொண்டிருந்த சோக்யி ஒருநாள் சட்டென்று கேட்டாள்.

"ஏய்யா, பாதி வழி போனதுக்கே எங்க அக்காவ எடுத்துக்கிச்சு. தலைமேலயே ஏறி நின்னவங்கள ஒண்ணும் செய்யல. அப்ப அது யாரு மேல உள்ள கோவத்துல விழுந்துச்சு?"

அதுவரை பல்சாங் பயந்தது மலையின் கோபத்துக்கு. கோபமென்றால் விளக்கேற்றலாம், காலில் விழலாம். கோபமே இல்லாமல் விழுகிற மலையிடம் எதைச் சொல்லி மன்றாடுவது?

பிற்காலத்தில் சாமா இளைஞர்களே மூட்டை தூக்கப் போனார்கள். அவன் தடுக்கவும் இல்லை, கூடப் போகவும் இல்லை. வயதாகி, ஒரு கோடையில், இருமல் முற்றித்தான் செத்தான். அதுவரை பனி கொட்டும் நாட்களில் காலணியைக் கழற்றாமல், மலைப்பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு கதவோரமே உட்கார்ந்திருப்பான்.

"என்னத்தய்யா கேக்குற?" என்பாள் சோக்யி.

"ஒண்ணும் கேக்கல. அதான்," என்பான்.