வாத்து மெசினும் அழகுமுத்துத் தலைவரும்

நோர்வூட்டுக்கு மேலே உள்ள தோட்டத்தில் அழகுமுத்துவிடம் அபிப்பிராயம் கேட்டுப் போன எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கேட்காமல் நடந்து போனவர்களையும் நிறுத்தி வைத்துக் கொடுத்து அனுப்புவார். தொழில் கவ்வாத்து வெட்டுவது. தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் அந்தக் கத்தியைவிட மனுசனின் வாய்க்குக் கூர்மை அதிகம் என்று அவர் மனைவி லெட்சுமியே சொல்வாள். அந்த வாயை வைத்துத்தான் இருபத்திரண்டு வருடமாகப் பழைய தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராகவும் இருந்தார்.

மெசின் என்று எது தோட்டத்துக்குள் நுழைந்தாலும் அவர் உடனே ஒரு பக்கம் எடுத்துவிடுவார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு டிவி வந்த காலத்தில் கரண்ட் கிடையாது. கார் பெட்டரியைத் தலையில் சுமந்து நோர்வூட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வரவேண்டும். அப்போது அவர் கறுப்பு வெள்ளைக் கட்சி. கலர் டிவி கண்ணைக் கெடுக்கும், பெட்டரியையும் குடித்துவிடும் என்று ஊரெல்லாம் பேசினார். அவர் வீட்டில் அப்போது எந்த டிவியும் இல்லை. தொண்ணூற்று நாலில் ஒரு பழைய கலர் டிவியை வாங்கிய அன்றே, காலம் மாறிவிட்டது என்று ஒரே வரியில் கட்சி மாறினார். சீடி வந்தபோது கேசட்டின் பக்கம் நின்றார். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றலாம், சீடியில் எதை விட்டுச் சுற்றுவது என்று அவர் கேட்டதற்கு நோர்வூட்டில் ரேடியோ, டிவி விற்கும் நஜீமாலேயே பதில் சொல்ல முடியவில்லை.

இத்தனைக்கும் எதிர்ப்பக்கம் எடுக்க ஒரு ஆள் வேண்டுமே. அது செல்லசாமி. லெட்சுமியின் கூடப் பிறந்த அண்ணன், புதுச் சங்கத்தின் தலைவர். மச்சான்கள் இருவரும் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு முன்னால் சந்தித்தால் வேலை முடிந்து போகிறவர்கள் பத்துப் பேராவது நின்று கேட்பார்கள். சண்டை என்று சொல்ல முடியாது. கையை நீட்டினதும் கிடையாது, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததும் கிடையாது.

இரண்டாயிரத்து மூன்றில் கம்ப்யூட்டர் வந்தது. பழைய சங்கம் நஜீமின் கடையில் ஒன்று வாங்கித் தந்தது. அதில் இருந்தது விண்டோஸ். மூன்று மாதம் கழித்து, சும்மா இருந்தால் மானம் போய்விடும் என்று புதுச் சங்கம் எங்கோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு இன்னொன்றைக் கொண்டுவந்தது. அதில் இருந்தது லினக்ஸ். அதைத் திறந்ததும் திரையில் ஒரு பென்குவின் உட்கார்ந்திருக்கும். தோட்டத்தில் யாரும் பென்குவினைப் பார்த்ததில்லை என்பதால் அதற்கு வாத்து மெசின் என்று பேர் விழுந்துவிட்டது. தோட்டத்து மேனேஜரான தொரை பழைய பிள்ளைக்காம்பராவைத் திறந்து கொடுத்தார். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போன அந்த அறையில் இரண்டு மேசைகள் போடப்பட்டன. ஒரு சங்கத்துப் பிள்ளை மற்றச் சங்கத்து மெசினைப் பார்த்துவிடக் கூடாது என்று இரண்டும் இரண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தன. சனி, ஞாயிறுகளில் படிப்பிக்க வந்த யசோதினி டீச்சர் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பாடம் நடத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நோர்வூட் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். இப்படி ஒரு வகுப்பைத் தன் சர்வீஸில் கண்டதில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

சட்டமும் எழுதியாகிவிட்டது. தகப்பனின் சந்தா எந்தச் சங்கத்துக்குப் போகிறதோ அந்த மெசினில்தான் பிள்ளை உட்காரலாம். சந்தேகத்துக்கு இடமில்லாதபடி வகுப்பு முடிந்ததும் தலைவர்கள் இருவரும் தங்கள் மெசினின் மவுஸைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வாதத்துக்கு அதற்குப் பிறகு பஞ்சமே இல்லை. உலகம் முழுக்க விண்டோஸ்தான், கொழும்பில் எந்த ஆபீசில் போய்ப் பார்த்தாலும் அதுதான், பழுதானால் ஹட்டனில் எந்தக் கடையிலும் பார்ப்பார்கள் என்றார் அழகுமுத்து. வாத்து மெசினுக்கு வைரஸ் வராது, அதைச் செய்தவர்களே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்குச் சும்மா கொடுத்திருக்கிறார்கள் என்றார் செல்லசாமி. சும்மா கொடுப்பது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று தெரியாதா, தோட்டத்து மருந்துக்காம்பராவில் தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே வெள்ளைக் குளுசையைத்தானே சும்மா கொடுக்கிறார்கள் என்று அழகுமுத்து திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு ஸ்டோர் வாசலில் எழுந்த சிரிப்பு தொரை பங்களா வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பேசிய இருவரில் ஒருவர்கூடக் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்ததில்லை. மவுஸைக் கழற்றுவதற்குக்கூடப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள்.

அழகுமுத்துவின் ஒரே மகள் தமயந்தி. ஏ.எல். பரீட்சை எழுதி, கெம்பஸ் படிப்புக்கு வெட்டுப்புள்ளி போதாமல் வீட்டில் இருந்தாள். கொழுந்து கூடிய நாட்களில் அம்மாவோடு மலைக்குப் போவாள். சனி, ஞாயிறுகளில் பிள்ளைக்காம்பராவில் இருப்பாள். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை இருப்பதாகவும் பொங்கல் முடிந்ததும் கூட்டிப்போவதாகவும் தரகர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஏற்கெனவே போன பிள்ளைகள் ஒரு அறையில் பதினொரு பேராகப் படுப்பது தோட்டத்துக்கே தெரியும். காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை செய்து கால் வீங்கித் திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள். அழகுமுத்துவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ஆனால் வேறு வழி என்ன என்று லெட்சுமி கேட்டால், பேச்சை வாத்து மெசினுக்குத் திருப்பிவிடுவார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யசோதினி டீச்சர் லயத்துக்கே தேடி வந்தார். ஹட்டனில் புதிதாகத் திறந்த பயிற்சி நிலையமொன்றுக்கு உதவி ஆசிரியர் ஒருவரை எடுக்கிறார்களாம். சம்பளமும் பரவாயில்லை, தினம் பஸ்ஸில் போய் வரலாம். எழுத்துப் பரீட்சையில் தமயந்தி தேறிவிட்டாள். இன்னும் பதினாலு நாளில் மெசினில் செய்து காட்டவேண்டும். அங்கே இருப்பதெல்லாம் லினக்ஸ்.

"புத்தகத்தைக் குடுத்துப் படிப்பிச்சிட்டன். ஆனால் கை பழக வேணுமெல்லோ. ரெண்டு கிழமை அந்த மெசினிலை இருந்தால் காணும். நீங்கள் ஒருக்கா உங்கடை மச்சானோடை கதையுங்கோ" என்றார் டீச்சர்.

தமயந்தி வாசலில் நின்று பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் அப்பாவின் வாயைப் பார்த்தபடி இருந்தது. அந்த வீட்டில் அபிப்பிராயம் சொல்ல ஒருவர் இருக்கும்போது மற்றவர்களுக்கு அந்தப் பழக்கமே வந்ததில்லை. அழகுமுத்து மகளின் முகத்தைப் பார்த்தார். பிள்ளை அந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சட்டம் எழுதியவர் அவர். சட்டத்தில் பொத்தல் எங்கே என்றும் அவருக்குத் தெரியும். சந்தாவை மாற்றிவிட்டால் பிள்ளை அந்தப் பக்கம் உட்காரலாம். தலைவர் பதவி போகும், பழைய சங்கத்து ஆட்கள் முகத்தில் முழிக்க முடியாது. போகட்டும் என்று நினைத்தார். அடுத்த நாள் வேலை விட்டதும் சங்கம் மாறும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்து எடுத்துக்கொண்டு செல்லசாமியின் வீட்டுக்குப் போனார். அந்த வாசலை அவர் மிதித்துப் பல வருடமாகியிருந்தது.

செல்லசாமி ஃபாரத்தை விரித்து இரண்டு தடவை வாசித்தார். இருபத்திரண்டு வருடமாகக் கனவு கண்ட கையெழுத்து. டீயை வரவழைத்துக் கொடுத்துவிட்டு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தங்கச்சி மகள், தூக்கி வளர்த்த பிள்ளை, அதற்கு இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வராது. ஆனால் தலைவர் பதவி என்று ஒன்று இருக்கிறதே. ஃபாரத்தைத் திருப்பி நீட்டினார்.

"இது வேணாம் மச்சான். நீங்க நம்ம சங்கத்துக்கு வந்தீங்கன்னா அப்புறம் கூட்டத்துல நா வாயத் தொறக்க முடியாது. வேற ஒண்ணு செய்ங்க. நாளைக்குக் காலையில பெரட்டுல, எல்லாரும் நிக்கையில, எங்க மெசினுதான் நல்ல மெசினுன்னு உங்க வாயால சொல்லுங்க. அது போதும். நா எங்க ஆளுங்கள சமாளிச்சிருவேன்."

அழகுமுத்து டீயைக் குடிக்காமலேயே எழுந்துவிட்டார். பதவியை விடத் தயாராக வந்த மனுசனுக்கு இது பெரிய அடி. பதவி சங்கம் கொடுத்தது. அபிப்பிராயம் அவருடைய சொந்தச் சொத்து, அதில் ஒரு அங்குலத்தைக்கூட யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்து லெட்சுமியிடம் குமுறினார். அவள் ரொட்டி தட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"வருசம் பூரா பேசுறீங்க. புள்ளைக்காக ஒரு வார்த்த பேசினா கொறஞ்சா போயிருவீங்க" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒரே பனிமூட்டம். ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசை வரிசையாக நின்றார்கள். அன்றைக்குக் கொழுந்து கூடுதல் என்பதால் தமயந்தியும் கூடையோடு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையா எந்த மலைக்கு யார் என்று வாசித்து முடித்ததும் அழகுமுத்து ஒரு நிமிடம் கேட்டு முன்னால் வந்தார். தலைவர் பேசப் போகிறார் என்றால் சம்பளப் பிரச்சினையாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் காதைத் தீட்டினார்கள். ஒரு நாளும் வராத தயக்கம் அவருக்கு அன்றைக்கு வந்தது. தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவையும் செருமினார்.

"நம்ம புள்ளக்காம்பராவுல ரெண்டு மெசினு இருக்கு. எது நல்லதுன்னு நானும் மச்சானும் ஒரு வருசமா பேசுறோம். நா உண்மையச் சொல்லிர்றேன். எனக்குத் தெரிஞ்சது கவ்வாத்து. அந்த மெசினு ரெண்டையும் நா ஒரு நாளும் தொட்டதில்ல. தொடப் பயம். நஜீம் கடையில கேட்டத வச்சும், மச்சானுக்கு எதுத்துப் பேசணும்னும் பேசினேன். எம் மக ரெண்டையும் படிச்சிருக்கா. இப்ப அவ பொழப்புக்கு வேண்டியது செல்லசாமி மெசினு. அப்ப அதுதாங்க நல்ல மெசினு. எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. பழைய சங்கத்தில் ஒரு இளவட்டம் முணுமுணுத்ததை அவனுடைய தாயே அடக்கிவிட்டாள். கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டியபடி நின்ற தமயந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளைப் பற்றி அப்பா ஊருக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

மச்சானின் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் நாளில் ஊருக்கே டீ வாங்கிக் கொடுக்கலாம் என்று செல்லசாமி எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. வந்தபோது அவருக்கு அது இனிக்கவேயில்லை. வரிசையைத் தாண்டி நடந்து வந்தார். கோட்டுப் பையிலிருந்து மவுஸை எடுத்து, வாலைச் சுற்றி, தமயந்தியின் கையில் வைத்தார்.

"இந்தா புள்ள. பரீட்ச முடியிற மட்டும் ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். மச்சானின் முகத்தைப் பார்க்காமலே தன் வரிசைக்குத் திரும்பிப் போனார்.

இரண்டு கிழமையும் தமயந்தி பொழுது சாய்ந்த பிறகும் அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து பழகினாள். ஹட்டனுக்குப் போய்ச் செய்து காட்டிவிட்டு வந்த அன்றே மவுஸை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தாள். வேலை கிடைத்தது. பொங்கலுக்கு வந்த தரகரை லெட்சுமி வாசலிலேயே நிறுத்தி, ஒரு துண்டு கரும்பு கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகுமுத்துவின் லயத்து வாசலில் நாலு பேர் வந்து நின்றார்கள். இரண்டு பேர் பழைய சங்கம், இரண்டு பேர் புதுச் சங்கம். சேர்ந்து வந்ததே அதிசயம். பிள்ளைகளை எந்த மெசினில் உட்கார வைப்பது, எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்று கேட்க வந்திருந்தார்கள். கேள்வியைக் கேட்டதும் அழகுமுத்துவின் உடம்பு பழக்கத்தில் நிமிர்ந்தது. தொண்டையைச் செருமினார். ஒரு கையும் மேலே எழுந்துவிட்டது. பிறகு அந்தக் கையை மெல்ல இறக்கி, பலகை வாங்கை இழுத்துப் போட்டார்.

"எம் மக தலைக்குக் குளிச்சிக்கிட்டு இருக்கா. உக்காருங்க, வந்துருவா" என்று சொல்லி, தானும் அவர்களோடு ஓரத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் கேக்கணும்."