ஒற்றைக் காதோடு கடலூரும் சிதம்பரமும்: இந்த ஆண்டின் நான்கு ஆல்பங்கள்

எட்டு ஆண்டுகளாக டிசம்பர் மாதத்தில் இந்த வலைப்பக்கத்தில் ஒரே வேலையைத்தான் செய்துவந்தேன். அந்த ஆண்டு வெளிவந்த நாட்டார் இசை, ராக் ஆல்பங்களில் எனக்குப் பிடித்த பத்தைப் பட்டியலிட்டு, ஏன் பிடித்தது என்று எழுதுவேன். இந்த ஆண்டு எழுதப்போவதில்லை என்று அக்டோபரில் சொல்லியிருந்தேன். காரணத்தையும் மறைக்கவில்லை. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழுந்தபோது என் இடது காது கேட்கவில்லை. முந்தின நாள் வரை கேட்டது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார், காதுக்குள் ஊசி போட்டார். ஆறு வாரம் கழித்து, "இனி திரும்பும்னு நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்மா" என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

ஒரு காது போனால் சத்தம் பாதியாகக் குறையும் என்றுதான் நினைத்திருந்தேன். குறைவது சத்தமல்ல, திசை. கிட்டார், டிரம், குரல் எல்லாம் ஒரே இடத்திலிருந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்துகொண்டு வரும். இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு ஹெட்போனை அலமாரியில் வைத்துவிட்டேன்.

என் அறிவிப்புக்கு வந்த பதில்களில் பெரும்பாலும் ஆறுதல்தான். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. "அக்கா, நாங்க கடலூர். கெடிலக்கரைன்னு ஒரு பேண்ட். எங்க ஆல்பம் ஒரே மைக்குல எடுத்தது. லெஃப்ட்டு ரைட்டு எதுவும் கெடையாது. கேக்குறதுக்கு ஒரு காது போதும். டிசம்பர் மொத ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல வாசிக்கிறோம், வர்றீங்களா? இப்படிக்கு சதீஷ், கிட்டார்."

கோபம் வந்தது. மூன்று நாள் பதில் போடவில்லை. நான்காம் நாள் மறுபடி படித்தபோதுதான் உறைத்தது: ஒரு காது போதும் என்று அதுவரை யாருமே என்னிடம் சொல்லவில்லை. "முந்தின நாளே, சனிக்கிழமை காலை, கடலூருக்கு வருகிறேன்" என்று எழுதினேன்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 5.40-க்குப் புதுச்சேரி வழிப் பேருந்து. கடலூருக்குச் சுமார் 165 கிலோமீட்டர், டிக்கெட் 185 ரூபாய். இடது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கேட்காத காது ஜன்னலுக்கு, கேட்கும் காது மனிதர்களுக்கு. புறப்படும் முன் என் தங்கை போனில் ஒரு பொத்தானைக் காட்டியிருந்தாள். அமைப்புகளுக்குள் போய், காது கேட்கும் வசதிகள் என்ற பகுதியில் 'மோனோ' என்று இருக்கும். அதைப் போட்டால் இரண்டு பக்கத்து இசையும் ஒரே பக்கத்தில் வரும். அந்த இரண்டு முறையும் பாதிப் பாட்டைத்தான் கேட்டுவிட்டு, மீதியும் என் காதோடு போய்விட்டதென்று எட்டு மாதமாக அழுதிருக்கிறேன். கேட்டால் சிரிப்பீர்கள். நானும் திண்டிவனம் வரை சிரித்துக்கொண்டுதான் போனேன்.

வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, இந்த ஆண்டு வெளிவந்தும் நான் திறக்காமலே வைத்திருந்த ஆல்பங்களைக் கேட்டேன். முதலில் ஷில்லாங்கின் ஒரு மூவர் குழு போட்ட 'ஸ்லோ டிராஃபிக்'. மூன்று பேரும் ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருந்து வாசிக்கிறார்கள். அந்த இடைவெளிகளில் என்னால் மூச்சுவிட முடிந்தது. அடுத்தது மட்டக்களப்பைச் சேர்ந்த இரு சகோதரிகளின் 'உப்பேறிய நாட்கள்'. ஒரு கிட்டார், ஓர் உடுக்கை, இரண்டு குரல். எது அக்கா குரல், எது தங்கை குரல் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒரே பெண் தன்னோடு தானே வழக்காடுவதுபோல இருந்தது. புதுச்சேரி தாண்டும்போது அதை மூன்றாம் முறை ஓட்டிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர் பையன்களின் 'எட்டு மணி ஷிஃப்ட்' மட்டும் கைகூடவில்லை. மூன்று கிட்டார்களும் சேர்ந்து ஒரு மாவு மில்லாகக் கேட்டன. தப்பு அவர்களுடையதல்ல.

9.50-க்குக் கடலூர். பேருந்து நிலையத்திலிருந்து அவர்கள் வரச்சொன்ன முதுநகர் ஐந்தாறு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்தான். மழை தூறியதால் நான் தனி ஆட்டோ பிடித்தேன், 150.

"முதுநகர்ல எங்கம்மா?" என்றார் ஓட்டுநர்.

"பழைய ஐஸ் கம்பெனி. அங்கே ஒரு பேண்ட் பாடுறாங்களாமே?"

"அமுதாவா? நீங்க பேண்டுன்றீங்க. எங்க வீட்ல அது மீன் அமுதா. காலையில ஏலம் எடுத்து வூட்டு வாசல்ல கொண்டாந்து குடுக்கும். பாட்டெல்லாம் நல்லாதான் பாடுது. சவுண்டுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

ஐஸ் கம்பெனியின் பின்பக்கம், இப்போது பயன்படுத்தாத ஓர் அறை. தகரக் கூரை, நடுவில் தொங்கும் ஒரே ஒரு மைக். அவர்களுடைய 'ஐஸ் ரூமு' ஆல்பம் முழுவதும் அந்த மைக்கில்தான் பதிவாகியிருக்கிறது. மூன்று பேர் இருந்தார்கள். பாடுகிற அமுதா, மீனவக் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும். பண்ருட்டியில் முந்திரிக் கடை வைத்திருக்கும் சதீஷ். பம்பையும் டிரம்மும் வாசிக்கிற குமரன், குடிகாட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை.

"வாங்கக்கா. இவன் எழுதுன மெயிலப் படிச்சதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல" என்றார் அமுதா. "காது போனவங்களாண்ட போயி ஒரு காது போதும்னு எழுதலாமாடான்னு கேட்டா, உண்மையத்தான எழுதுனேன்றான்."

சதீஷ் தலையைச் சொறிந்தான். நாற்காலி போட்டார்கள். வாசிக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு நிமிடம்கூட என்னால் இருக்க முடியவில்லை. கூரையில் மழை, பம்பை, கிட்டார், அமுதாவின் குரல் எல்லாம் ஒரு பெரிய கல்லாகத் திரண்டு வலது காதில் மோதியது. கேட்பது நின்றதிலிருந்து இடது காதுக்குள் ஓயாமல் இருக்கும் ஊதல் ஒலியும் கூடிக்கொண்டது. எழுந்து வெளியே வந்து மழைத் தூறலில் நின்றேன். இதற்காகவா இத்தனை தூரம் வந்தேன் என்று அழுகை வந்தது.

பின்னாலேயே அமுதா வந்தார். "பாட்டு புடிக்கலயாக்கா?"

"பிடிக்குதா இல்லையான்னு தெரியுற அளவுக்குக் கேட்கவே இல்லை. எல்லாம் ஒண்ணா வருது. என்னால பிரிக்க முடியலை."

அவர் என் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்தக் காது கேக்குது? இதுவா? சரி வாங்க, எந்த எடத்துல நின்னா கேக்குதுன்னு பாத்துடுவோம்."

அடுத்த ஒரு மணி நேரம் அந்த அறையில் என்னை நிறுத்தாத இடம் இல்லை. குமரன் ஒரு தட்டு தட்டுவார். "கேக்குதாக்கா?" "மங்கலா." இரண்டடி தள்ளி நிற்பேன். மூலைகள் மோசம். மைக்கிற்கு நேர் கீழே படுமோசம். கடைசியில் வாசல் நிலைக்குப் பக்கத்தில், முதுகைச் சுவரில் சாய்த்து, வலது காதை அமுதாவின் பக்கம் திருப்பி நின்றபோது, பம்பையின் இரண்டு முகமும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டன. கனமான முகம் ஒன்று, கீச்சென்ற முகம் ஒன்று. "ரெண்டும் கேட்குது!" என்று கத்திவிட்டேன்.

"அங்கயே நில்லுங்க, நவுராதீங்க" என்றார் அமுதா. ஒன்பது பாட்டையும் வரிசையாகப் பாடினார்கள். கப்பலுக்குப் போன கணவனின் வீடியோ கால் பாதியில் அறுந்துபோகிற பாட்டில் சதீஷின் கிட்டார் ஒரே சுரத்தில் நின்று காத்திருக்கிறது. அந்த இடத்தில் எனக்கு மார்ச் மாதத்துக்கு முந்தைய உடம்பு திரும்ப வந்தது.

அன்று கடலூரிலேயே தங்கினேன், அறை 900 ரூபாய். ஞாயிறு மதியம் அமுதாவும் சதீஷும் சாமான்களைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். நான் 1.50-க்குச் சிதம்பரம் பேருந்தில் ஏறினேன். ஷிஃப்ட் முடித்த குமரன் குடிகாட்டில் ஏறினார். வலது வரிசை ஜன்னலோரம்தான் எனக்குக் கிடைத்திருந்தது, அவர் என் இடது பக்கம் உட்கார்ந்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நாலைந்து கிலோமீட்டர் போயிருக்கும், தோளைத் தொட்டார்.

"என்னாக்கா, ஒண்ணுமே சொல்ல மாட்டேன்றீங்க?"

"பேசினீங்களா? ஐயோ, இது கேட்காத காது."

அவர் முகம் போன போக்கு! "ஒரு தடவ சொல்றதுக்கே கஷ்டமா இருந்துச்சுக்கா" என்றார். என்னோடு இடம் மாறி உட்கார்ந்து மறுபடி சொன்னார். "இன்னிக்கு ஆளுங்க வரலன்னா இதோட வுட்டுடுறேன்னு அமுதாகிட்ட சொல்லிட்டேன். கெடைக்கிற ஒரு நாள் லீவும் இதுலயே போவுது. எம் பொண்ணு என்னாண்ட பேசி நாலு நாளாச்சு. ஆல்பம் போட்டு ஏழு மாசம், எங்க சொந்தக்காரங்களே கேக்கல."

"எனக்கு நேற்று கேட்டது" என்றேன். அவர் தலையசைத்தார். அது அவருக்குப் போதாது என்று எனக்கே தெரிந்தது.

45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 40 ரூபாய். சிதம்பரம் நிலையத்திலிருந்து கீழவீதிப் பக்கம் இருந்த மண்டபத்துக்குப் பத்து நிமிட நடை. உள்ளே இருநூறு நாற்காலி போட்டிருந்தது. நிகழ்ச்சி ஐந்து மணிக்கு. 4.45-க்கு நான் எண்ணியபோது முப்பத்தோரு பேர். போதாததற்கு, வழியில் தார்ப்பாய் விலகி ஒரு ஸ்பீக்கர் நனைந்துபோயிருந்தது.

"ஒண்ணுதான் ஓடுது" என்றார் சவுண்டு செட்காரர். சதீஷ் கடலூரிலிருந்து இன்னொன்று வரவழைக்கப் போனை எடுத்தான். குமரன் பம்பையின் உறையை அவிழ்க்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாம் சதீஷ்" என்றேன். "இருக்கிறதை நடுவில் வை." எனக்கே ஆச்சரியமாக இருந்தது, என் குரலில் அத்தனை உறுதி. அமுதாவை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிவிட்டு மண்டபம் முழுக்க நடந்தேன். இரண்டு காது உள்ளவர்களுக்குத் தூண் மறைவில்கூட ஏதோ கேட்டுவிடும். எனக்கு ஓரடி தப்பினாலும் சொல் போய்விடும். சொல் தெளிவாக விழுந்த இடங்களில் மட்டும் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டோம், மீதியை மடக்கி வைத்தோம். வந்திருந்த முப்பத்தோரு பேரும் நெருக்கி உட்கார்ந்தபோது அது கூட்டம்போலத்தான் இருந்தது.

5.35-க்கு ஆரம்பித்தார்கள். முதல் பாட்டு முடியும்போது வெளியே மழை வலுத்தது. கடைவீதியில் போனவர்கள் மண்டப முகப்பில் ஒதுங்கினார்கள். இரண்டாம் பாட்டில் ஈரக் குடையோடு நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். வீடியோ கால் பாட்டில் உள்ளே வந்து நின்றார்கள். மடக்கி வைத்த நாற்காலிகளைச் சவுண்டு செட்காரரே விரிக்க ஆரம்பித்தார். அதன்பிறகு நான் எண்ணவில்லை. குமரன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்ததையும், அடுத்த பாட்டை முந்தின நாள் வாசித்ததைவிட வேகமாக எடுத்ததையும் பார்த்தேன். மழை ஏழு மணிக்கு முன்பே விட்டது. யாரும் எழவில்லை.

முடிந்ததும் புவனகிரியில் பள்ளிக்கூடம் நடத்தும் ஓர் அம்மா, ஜனவரியில் தங்கள் ஆண்டு விழாவுக்கு வர முடியுமா என்று அமுதாவிடம் கேட்டார். அமுதா குமரனைப் பார்த்தார்.

"எந்தத் தேதிம்மா?" என்றார் குமரன். "ஞாயித்துக்கெழமன்னா லீவு கேட்டுப் பாக்குறேன். எம் பொண்ணையும் கூட்டியாருவேன், பரவால்லயா?"

சாமான் ஏற்றும்போது அமுதா என்னை மடக்கினார். "லிஸ்ட்டு போடுவீங்கல்லக்கா? எங்களுக்கு எத்தினியாவது எடம்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டாவது."

"ரெண்டாவதா! மொத எடம் யாரு?"

"மட்டக்களப்புல ரெண்டு பொண்ணுங்க." என் போனை வாங்கி, குட்டியானையின் பின்பலகையில் உட்கார்ந்து அவர்களுடைய முதல் பாட்டை முழுதாகக் கேட்டார். "சரிதான்க்கா," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார், "அடுத்த வருசம் பாத்துக்குறோம்."

ஆக, என் பட்டியல்: 'உப்பேறிய நாட்கள்', 'ஐஸ் ரூமு', 'ஸ்லோ டிராஃபிக்'. நான்காவதாக 'எட்டு மணி ஷிஃப்ட்'. அதை இரண்டு காதும் நன்றாக இருக்கும் யாராவது கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். பத்து வராததற்கு மன்னிக்க வேண்டாம். முன்பு பத்தைக் கேட்டதைவிட இந்த நான்கை நான் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன்.

இப்பக்கம் போக நினைப்பவர்களுக்கு: டிசம்பரில் குடை மட்டும் போதாது, தோள்பைக்கும் உறை வேண்டும். முதுநகரில் மதியம் ஒரு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், நல்ல மீன் தீர்ந்துவிடும். சிதம்பரத்தில் தங்கினால் காலையில் இட்லிக்குக் கத்தரிக்காய்க் கொத்சு கேட்டு வாங்குங்கள். நான் அங்கேயே தங்கி, சென்னைக்குத் திங்கள் காலை 6 மணிப் பேருந்தைப் பிடித்தேன், 11.40-க்குக் கிளாம்பாக்கம். என்னைப்போல ஒரு காது உள்ளவர்கள் எந்தக் கச்சேரிக்கும் அரை மணி முன்னதாகப் போய், வெட்கப்படாமல் நடந்து, கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்து நில்லுங்கள். எங்காவது ஓரிடம் இருக்கிறது.

திங்கள் மதியம் வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரில் 'ஐஸ் ரூமு' போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் பாட்டில் அடுத்த அறைக் கதவு திறந்தது. அலுவலக அழைப்பில் இருந்த என் கணவர், போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் சத்தத்தைக் குறையேன்" என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றார். மார்ச்சுக்குப் பிறகு அவர் என்னிடம் அதைச் சொல்ல வேண்டிவந்ததே இல்லை.

நான் குறைக்கவில்லை. அவரும் கதவைச் சாத்தவில்லை.