துண்டுக்கு அடியில் கத்தரிக்காய்

சின்ன ஊரில் பத்திரிகை நடத்துகிறவன் விரோதிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. பேப்பர் வெளிவந்த மறுநாள் அவர்களே படியேறி வந்துவிடுவார்கள். திண்டுக்கல்லில், மணங்கு என்ற பழைய எடைக் கணக்கு போய்க் கிலோ வந்த புதிதில், என் வாரப் பத்திரிகை கத்தரிக்காயால் பட்ட பாடு இது. என்னைப் போல இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்குச் சொன்னால் புரியும்.

சொந்தக் காய்

காய்கறி மண்டியில் அப்போதெல்லாம் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். காயை விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரி பக்கத்திலேயே நிற்பார். தரகர் அப்புறம் சொல்வதுதான் அவருக்கு விலை.

ஒருநாள் ரெட்டியார்சத்திரத்துப் பெருமாள், மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க என் அச்சகத்துக்கு வந்திருந்தார். பேகம்பூர் காதர் பாயும் பில் புத்தகம் வாங்க வந்தார். அவர் காய் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர். அன்று காலை எடுத்த கத்தரிக்காயைப் பற்றிப் பேச்சுவாக்கில் விலையோடு சொன்னார். அது பெருமாளின் காய். பெருமாளிடம் தரகர் சொன்ன விலை அதில் முக்கால்வாசிதான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெருமாள் நிதானமாகத்தான் கேட்டார்: "என் காய் என்ன வெலைக்குப் போச்சுன்னு என்னையத் தவிர அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிருக்கே, நல்லாருக்கா இது?"

மந்திரியும் கத்தரிக்காயும்

அந்த வாரமே கடைசிப் பக்கத்தில் நாலு வரி போட்டேன். வாங்கியவர்கள் தாங்கள் கொடுத்ததாகச் சொன்ன விலை, அவ்வளவுதான். மறுநாள் தரகர்களுக்கெல்லாம் பெரியவர் வந்து உட்கார்ந்தார். அவர்கள் விளம்பரத்தில்தான் என் பத்திரிகை பாதி உயிர் வாழ்ந்தது.

அதுவரை நான் வாராவாரம் தலையங்கத்தில் மந்திரிகளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் யார் என் பேப்பரைப் படித்தார்கள்? அதிகாரம் இரண்டு தெரு தள்ளி, தோளில் துண்டோடு இருந்தது. அதை எனக்குப் புரியவைத்தவரும் அந்தப் பெரியவரேதான்: "மந்திரிய என்ன வேணாலும் திட்டுங்க, நானே பத்துப் பேப்பர் வாங்கிக்கிறேன், கத்தரிக்கா வெலை எதுக்குங்க உங்களுக்கு?"

பொதுஜன அபிப்பிராயம்

நிறுத்த மாட்டேன் என்றேன். விளம்பரம் நின்றது. போகட்டும், ஜனங்கள் நம் பக்கம் என்று மார்தட்டிக்கொண்டேன். அந்த ஜனங்கள் சேவுகம்பட்டியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், தயவுசெய்து விலை போடாதீர்கள் என்று சொல்ல!

தப்பு என்னுடையது. செய்தி என்றால் ஊர்ப் பெயர் வேண்டும் என்ற தொழில் புத்தியில் 'சேவுகம்பட்டித் தக்காளி', 'ரெட்டியார்சத்திரம் கத்தரி' என்று அடித்திருந்தேன். யார் காய் என்று தரகர்களுக்கு உடனே தெரிந்துபோயிற்று. அந்த ஊர்ச் சரக்கை இறக்காமல் வெயிலில் காயப் போட்டுவிட்டார்கள்.

யாருக்காக எழுதினேனோ அவர்களே கையெடுத்துக் கும்பிட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்திரிகையையே மூடிவிடலாமா என்று தோன்றியது. எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் சுப்பையா தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஊர்ப் பேர மட்டும் எடுத்துருங்க சார், வெலைக்கு எதுக்கு வெலாசம்?"

படிக்கத் தெரிந்தவர்

ஊர்ப் பெயரை எடுத்தேன், விலையை எடுக்கவில்லை. காதர் பாயோடு இன்னும் நாலு வியாபாரிகள் விலை சொல்ல முன்வந்தார்கள். விளம்பரம் இல்லாமல் எட்டுப் பக்கம் நாலாகியும் விலைப் பட்டியல் மட்டும் வாராவாரம் வந்தது.

ஒருநாள் மண்டிக்கே போய்ப் பார்த்தேன். பெருமாள் மூட்டையோடு நின்றார். எதிரே காதர் பாய். தரகர் துண்டை விரித்ததும் பெருமாள் மடியிலிருந்து என் பேப்பரை எடுத்து விரித்தார், தலைகீழாக! தரகர் பேப்பரைப் பார்த்தார், பெருமாளைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விலையை வாயாலேயே சொன்னார். சரிதான் என்று பாய் எனக்குத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பெருமாளிடம் சொன்னேன். அவர் சிரித்தார்: "எனக்குப் படிக்கத் தெரியாதுதான்யா, அவுகளுக்குத் தெரியும்ல, அது போதும்."

மண்டி விளம்பரம் கடைசிவரை திரும்பி வரவில்லை; ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் என் பேப்பரை ஊரில் முதலில் பிரித்தவர் அந்தப் பெரியவர்தானாம், அதுவும் தலையங்கத்தைத் தொடாமல் நேரே கடைசிப் பக்கத்தை.