சிவப்பு உல்லன் நூல்

மழை விட்ட காலையில் எங்கள் கிழக்குத் தாம்பரம் தெருவோரமாக பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் இந்த வயதிலும் அதை மிதிக்காமல் தாண்டிப் போனேன். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் கார்கள் நிற்கும் இடத்தில்தான் எங்கள் தொடக்கப்பள்ளி மைதானம் இருந்தது. விளையாட்டு விழாவுக்கு அங்கே இதைத் தூவித்தான் கோடு போடுவார்கள்.

பி.டி. சார் இல்லாத பள்ளி. அதனால் ஆயா தவிடு பறக்கச் சாக்குகளை உதறித் தர, தமிழ் மிஸ் விசில் ஊத, மின்ரயில் ஹாரனையே விசில் என்று நினைத்து யாராவது முன்னாலேயே ஓடிவிட, எல்லைக்கோட்டில் சிவப்பு உல்லன் நூலின் ஒரு முனையைக் கணக்கு மிஸ்ஸும் மறுமுனையை வேன் ஓட்டும் செல்வம் அண்ணாவும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கணக்கு மிஸ் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

மூன்றாம் வகுப்பு ஓட்டத்தில் எல்லோரும் போய்ச் சேர்ந்து, நூல் அறுந்து மண்ணில் கிடக்க, நான் மட்டும் பாதி வழியில் அழுகை முட்ட நின்றுவிட்டேன்.

“மிஸ், இன்னும் ஒரு பாப்பா வருது!” என்றார் செல்வம் அண்ணா.

கணக்கு மிஸ் குனிந்து நூலை எடுத்து, முடிச்சுப் போட்டு, மறுபடி இழுத்துப் பிடித்தார். “ஏன்டி நின்னுட்ட? நாங்க பிடிச்சுட்டு நிக்கிறோம்ல, ஓடி வா!”

ஓடினேன். முடிச்சு என் நெஞ்சில் பட்டு அவிழ்ந்தது.

திங்கட்கிழமை அதே மிஸ் கணக்குத் தாளில் எனக்கு முட்டை போட்டிருந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வாங்கினேன்.