டீக்கடை முனையில் என் பேனர்

பிள்ளைகளா, எதிர்வீட்டுப் பையனுக்குப் பிறந்தநாள் பேனர் வைத்திருக்கிறார்கள், எங்களுக்கு ஏன் இல்லை என்று இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் வைக்க மாட்டேன். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். எனக்கும் ஒரு முறை வைத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

நான் ஐந்தாவது படித்தபோது என் அம்மா கள்ளிக்குப்பத்தில் எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர். அதற்கு முன்பு அந்த வார்டு ஒரே வீட்டில்தான் இருந்தது. முதலில் பெரியவர், அவருக்குப் பிறகு மகன். பெண்கள் வார்டு என்று அறிவித்ததும் மருமகளை நிறுத்தினார்கள். போஸ்டரில் மருமகள் முகம் ஸ்டாம்பு அளவு, மாமனார் முகம் கதவு அளவு. அம்மா எந்தக் கட்சியும் இல்லாமல் எதிர்த்து நின்றாள். தெருத்தெருவாகப் போய் ஒரே பேச்சுதான் பேசினாள். "வார்டு இன்னா அவங்க ஊட்டுப் பீரோவா, சாவிய கை மாத்திக் குடுக்க?" ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஓட்டும் போட்டார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். அக்கா ஜெயித்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருஷம் என் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச்சில் பூசை முடிந்து அம்மாவோடு திரும்பி வருகிறேன், டீக்கடை முனையில் இரண்டு ஆள் உயரத்துக்கு நான் நிற்கிறேன்.

என் புதுநன்மைப் படம் அது, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று எடுத்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், குவித்த கை. சாமியைக் கும்பிட்ட கை, பேனரில் ஓட்டுக் கேட்கிற கையாகிவிட்டது. ஜெபமாலையை அழித்துவிட்டு, கண்ணுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தார் மாமா. தலைக்கு மேலே 'வார்டின் வருங்காலமே!' மூலையில் சின்னதாக அம்மா. அடியில், 'இவண்: தாய்மாமன் மற்றும் லேத் நண்பர்கள்.'

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாளைக்கு வகுப்பில் இதே பேச்சாகத்தான் இருக்கும்.

டீக்கடையில் தோற்ற வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "இன்னா கவுன்சிலரம்மா, பீரோ சாவி இப்ப உங்க புள்ள இடுப்புலயா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவின் பேச்சுக்குச் சிரித்த அதே ஆட்கள்தான்.

அம்மா கடை ஸ்டூலை இழுத்துப் பேனருக்குக் கீழே போட்டாள். பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாள்.

மாமா ஓடி வந்தார். "யக்கா, இன்னாக்கா பண்ற? புள்ளைக்குப் பொறந்தநாளுன்னு ஆசைக்கு வெச்சேன்."

"ஆசைக்கு கேக் வாங்கினு வா."

"ஊர்ல எவன் வெக்கல?"

"அவங்க வெச்சதாலதாண்டா நமக்கு ஓட்டு வுழுந்துச்சு."

ஸ்டூல் ஆடியது. அம்மா, கிண்டல் செய்தவரைத் திரும்பிப் பார்த்தாள். "பேசுனது போதும், வந்து ஸ்டூல புடிண்ணே." அவரும் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே வந்து பிடித்தார்.

"என் போட்டோம்மா அது!" என்று அழுதேன்.

"போட்டோ உன்னுது. எடம் உன்னுது இல்ல" என்று மேலிருந்தே சொல்லிவிட்டு, கயிற்றை அறுத்தாள்.

பேனரை இஸ்திரி வண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். அவர் மழைக்கு வண்டிக் கூரையாகக் கட்டினார். ஓரத்தில் என் முகம் தலைகீழாகத் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் "தலைகீழ் தலைவரே" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அந்த வாரமே ஒரு காலையில் தண்ணி லாரி வந்தது. கவுன்சிலரான பிறகும் எல்லோரையும் போல வரிசையில் நிற்கிற அம்மா, முனிசிபாலிட்டி கூட்டத்துக்குப் போயிருந்தாள். குடத்தோடு நான் தனியாகப் போனேன். லாரிக்காரர் என்னைப் பார்த்ததும், "கவுன்சிலர் ஊட்டுப் புள்ள, முன்ன வுடுங்க" என்றார். வரிசை ஒதுங்கியது. யாரோ என் குடத்தை வாங்கி எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனரைக் கழற்றினாள் அல்லவா, அவள் பெயரில் வருகிற தண்ணி மட்டும் எனக்கு எதற்கு? இது அவள் காதுக்குப் போகட்டும், அவளுக்கும் நன்றாக வலிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் வைத்தேன்.