ஸ்டிக்கரில் பதினொன்று, உள்ளே ஏழு

தங்கையின் கல்லூரி விண்ணப்பப் பாரத்தை அனுப்ப நாளை கடைசி நாள். போன வாரம் ஈப்போவில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று மேடை போட்டுக் கொடுத்த லேப்டாப்பில் இன்று அதை அச்செடுக்க உட்கார்ந்தோம்.

மூடியில் ‘விண்டோஸ் 11’ ஸ்டிக்கர். திரையிலும் பதினொன்றின் பின்னணிப் படம். அதை நம்பி இறக்கிய பிரிண்டர் டிரைவர் ஏறவே இல்லை.

சந்தேகப்பட்டு கம்ப்யூட்டர் விவரத்தைத் திறந்தேன். இருப்பது விண்டோஸ் 7.

அந்த விழாவை ஏற்பாடு செய்த அண்ணனை அழைத்தேன்.

“ஓசில கெடச்சதுலா. இதுல என்னா நம்பர் பாக்குற?”

“ஓசினா ஸ்டிக்கர் எதுக்குண்ணே? பழசுனு சொல்லியே குடுத்திருக்கலாமே.”

“பெரிய மனுசங்க குடுத்தது. ஃபேஸ்புக்ல கீஸ்புக்ல போட்டுறாத.”

ஏழுக்கான டிரைவரைத் தேடி ஏற்றினேன். பாரம் அச்சாகிவிட்டது. இதையும் போட்டுவிட்டேன்.

அன்று மேடையில் லேப்டாப்போடு சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டவர்களே, உங்களுடையதில் உள்ளே எத்தனை? திறந்து பார்த்துக் கீழே எழுதுங்கள்.