எஸ்தர் அக்காவுக்குக் கொலைகாரன் கிடைக்கவில்லை

நம் கம்பெனியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் தெரிவது எஸ்தர் அக்காவுக்குத்தான். வெளியிலிருந்து வரும் எந்தப் போனும் ஆபரேட்டரான அவர் காதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். கெட்ட செய்தி என்றால் உடனே இணைப்புக் கொடுக்க மாட்டார். கேன்டீனைக் கூப்பிட்டு, "மாரியப்பா, முதல்ல அவருக்கு ஒரு டீ அனுப்பு. குடிச்சு முடிக்கட்டும், அப்புறம் லைன் கொடுக்கறேன்" என்பார். உங்களில் சிலர் அந்த டீயைக் குடித்திருக்கிறீர்கள். கேட்காமல் டீ வந்தால் என்ன அர்த்தம் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலை டெலிபோன் போர்டு அறையில், விடுப்பில் இருந்த அக்காவுக்குப் பதிலாக வரும் தற்காலிக ஆபரேட்டர் இன்னும் வந்திருக்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடித்துக்கொண்டே இருக்கும் போனை என்னால் சகிக்க முடியாது, நானே எடுத்தேன். அக்காவின் தங்கை லில்லி பேசினார். "சேகரா? அக்கா போயிட்டாப்பா. விடிகாலைல. தூக்கத்துலயே." எனக்கு யாரும் டீ அனுப்பவில்லை.

என் மனதில் முதலில் வந்தது அழுகை இல்லை. "அப்போ கடைசி அத்தியாயம்?" என்றுதான் வந்தது. நல்லவேளை, வாய்விட்டுக் கேட்கவில்லை. நம் ஊழியர் மன்ற மலருக்கு அக்காவைப் பற்றி நல்ல மாதிரியாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார் மன்றச் செயலாளர். அது எனக்கு வராது. அக்கா மேல் எனக்குக் கோபம், அது இன்னும் தணியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதில் உங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு.

நான் டிப்ளமோ முடித்துப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த புதிது, எண்பதுகளின் கடைசி. வயரைச் செருகி எடுத்து இணைப்புக் கொடுக்கும் பழைய டெலிபோன் போர்டு அப்போது இருந்தது. ஒரு லைன் ஊமையாகிவிட்டது என்று என்னை அனுப்பினார்கள். பின்பலகையைக் கழற்றினால் உள்ளே, ரிலேக்களுக்கு நடுவில், மாத நாவல்கள் ஏழெட்டு அடுக்கியிருந்தன. ஒன்றின் அட்டை சூட்டில் சுருண்டு, ஒரு ரிலேயின் மின்தொடர்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் கத்தினேன்.

"இது என்ன மேடம், போர்டா, லைப்ரரியா? தீப்பிடிச்சா யாரு பொறுப்பு?"

"கத்தாதீங்க இன்ஜினியர் சார். வெளில வெச்சா டைம் ஆபீஸ் வரதராஜன் சார் பாக்கறாரு, ரிப்போர்ட் பண்றாரு. உள்ள வெச்சா உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க சொல்ல மாட்டீங்க."

"எப்படித் தெரியும் சொல்ல மாட்டேன்னு?"

"உங்களுக்கு ரிப்போர்ட் எழுதறதுன்னாலே வேப்பங்காய். ஸ்டோர்ஸ்ல பேசிக்கிட்டாங்க."

உண்மைதான். அந்தச் சுருண்ட நாவலைப் பறிமுதல் செய்து எடுத்துப் போனேன். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, தாம்பரம் வருவதற்குள் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டேன், மிச்சத்தை அன்று ராத்திரியே. மறுநாள் போர்டு அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"வில்லன் போன் வயரை வெட்டறான். அஞ்சு பக்கம் தள்ளி அதே போன் அடிக்குது. எவன் எழுதினது இது?"

"நடுவுல லைன்மேன் வந்து சரி பண்ணியிருப்பான்."

"அஞ்சு பக்கத்துலயா? நம்ம ஊர்ல அஞ்சு மாசம் ஆகும்."

"கதைலயாவது அவன் சீக்கிரம் வரக் கூடாதாடா?"

அன்றிலிருந்து நான் "டா" ஆனேன். அவர் அக்கா ஆனார். சம்பளம் வந்ததும் தாம்பரம் ஸ்டேஷன் புத்தகக் கடையில் அவர் நாவல் வாங்குவார். அவர் படித்து முடித்ததும் எனக்கு வரும். எல்லாம் ஒரே ரகம்: துப்பறிவது பெண்ணாக இருக்க வேண்டும். அவள் போலீஸாகவோ வக்கீலாகவோ இருக்கக் கூடாது. டைப்பிஸ்ட், நர்ஸ், தையல் டீச்சர், வேலை கிடைக்காத பி.எஸ்ஸி., இப்படி யாராவது. பிணம் ஒன்று போதும். சிரிப்பு நிறைய வேண்டும். நான் மூன்றில் ஒரு பங்கு படிப்பதற்குள் கொலைகாரனைச் சொல்லிவிடுவேன். அவர் அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. அதில் வெட்கமும் இல்லை.

"அந்தப் பொண்ணு தப்புத் தப்பாக் கண்டுபிடிக்கறா பாரு, அதான்டா எனக்குப் பிடிக்கும். எடுத்த எடுப்புல சரியாச் சொல்றவங்களோட ஒரு நாள்கூட குடித்தனம் பண்ண முடியாது. உன்னைக் கட்டிக்கப்போறவளை நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

விஷம் வேலை செய்ய எவ்வளவு நேரமாகும், பூட்டிய கதவு எப்படித் திறந்தது என்று நான் மல்லுக்கு நிற்பேன். ஒரு நாள் அலுத்துப்போய்ச் சொன்னார்: "கொலைய விடுடா. ராத்திரி எட்டு மணிக்கு அவ மொபெட்டை எடுத்துட்டு வெளில போறா. எங்க போறே, எப்ப வருவேன்னு ஒருத்தர் கேட்டாங்களா? அதைப் படிச்சியா நீ?" நான் படிக்கவில்லை. அது துப்பு இல்லை என்று தாண்டிப் போயிருந்தேன். அக்கா மாடம்பாக்கம் பஸ்ஸைத் தவறவிட்டுப் பத்து நிமிடம் தாமதமாக இறங்கினாலும் தெருவில் நாலு பேர் விசாரிப்பார்கள் என்று லில்லி பிற்பாடுதான் எனக்குச் சொன்னார்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். அக்கா ஒரு மாத நாவல் பத்திரிகைக்கு விடாமல் வாசகர் கடிதம் எழுதுவார். அதன் ஆசிரியர் ஒரு தடவை, "நீங்களே ஒண்ணு எழுதுங்கம்மா, நல்லா வந்தா போடறேன்" என்று பதில் போட்டுவிட்டார். அவ்வளவுதான். அந்த ஸ்டேஷன் கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, நாவல்களைத் தொங்கவிட்டிருப்பார்களே, அதைக் காட்டி என்னிடம் சொன்னார்: "ஒரே ஒரு மாசம்டா. அந்தக் கிளிப்புல என் பேரு போட்ட புக் ஒண்ணு தொங்கணும். நான் பிளாட்பாரத்துல நின்னு பாக்கணும். வாங்கக்கூட மாட்டேன்."

எழுத ஆரம்பித்தார். வெளியூர் டிரங்க் கால்களைக் குறித்துவைக்கும் சீட்டுகளின் பின்பக்கத்தில், ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில். ஒரு பம்ப் கம்பெனி. பம்புகளை ஓட்டிப் பார்க்கும் சோதனைத் தொட்டியில் ஜி.எம். செத்துக் கிடக்கிறார், யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன டெலிபோன் ஆபரேட்டர் ரீட்டா துப்பறிகிறாள். ஜி.எம்.மைக் கொல்வதில் மட்டும் அக்காவுக்குத் தயக்கமே இருக்கவில்லை. அப்போதைய ஜி.எம். ஓய்வு பெற்றுவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

தொழில்நுட்ப ஆலோசனை என் பொறுப்பு. "அலறல் கேட்டதுன்னு எழுதியிருக்கீங்க. பம்ப் ஓடும்போது பக்கத்துல நிக்கறவன் பேசறதே கேக்காது."

"அப்ப பம்பை நிறுத்திடு."

"யாரு நிறுத்தறது? காரணம் வேணாமா?"

"கரண்ட் கட். கரண்ட் போறதுக்குக் காரணம் கேக்கற முதல் ஆளு நீதான்."

கதை மளமளவென்று வந்தது. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை: கொலைகாரன். சந்தேகத்துக்குரியவர்கள் எல்லோரும் நீங்கள்தான். பெயரைக்கூட மாற்றவில்லை, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். முதல் கொலைகாரர் வரதராஜன் சார். அத்தியாயம் முடிகிற நேரத்தில் அவர் தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையோடு போர்டு அறைக்கு வந்தார். அன்றே அவர் நிரபராதி. அடுத்தது கேன்டீன் மாரியப்பன். அவரிடம் அக்காவே போய்ச் சொல்லிவிட்டார்.

"இன்னாக்கா, நானா கொல பண்ணேன்? சாம்பார்ல உப்பு தூக்கலா கீதுன்னு எவனாச்சும் சொன்னாலே எனக்குக் கண்ணு கலங்குது, நான் போயி ஜி.எம்.மைத் தள்ளுவேனா?"

மாரியப்பனும் விடுதலை. கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், வாட்ச்மேன் என்று ஒவ்வொருவராக மாட்டி, ஒவ்வொருவராக வெளியே வந்தீர்கள். ஒருவரின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இன்னொருவர் இப்போதுதான் மனை வாங்கியிருக்கிறார். "எல்லாரையும் சந்தேகப்படணும்டா. ஆனா யாரையும் கோவிச்சுக்கக் கூடாது" என்றார். இப்படி ஒரு கொள்கையை வைத்துக்கொண்டு துப்பறியும் நாவல் எழுத முடியாது என்று நான் அவரிடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அந்த ஆசிரியர் இரண்டு முறை நினைவுபடுத்திவிட்டு விட்டுவிட்டார்.

பழைய போர்டை எடுத்துவிட்டு புஷ் பட்டன் எக்ஸ்சேஞ்ச் வைத்த வருடம் அக்காவுக்கு இதயத்தில் கோளாறு என்றார்கள். நீண்ட விடுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடம்பாக்கத்துக்கு பைக்கில் போவேன். புது நாவலைக் கொடுப்பேன், அவர் தப்பாக ஒரு கொலைகாரனைச் சொல்வார், திட்டிவிட்டு வருவேன். ஒரு ஞாயிறு அவர் நாவலைக் கையில் எடுக்கவே இல்லை. தலையணைக்கு அடியிலிருந்து தன் சீட்டுக் கட்டை எடுத்தார்.

"டேய், நீயே கொலைகாரனா இருந்துட்டுப் போயேன்."

"நானா?"

"உனக்குத்தான் வருத்தமே வராது. வேற யாரைப் போட்டாலும் எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

"நான் எதுக்குக்கா ஜி.எம்.மைக் கொல்லணும்?"

"ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டு நீ எழுதி எழுதி அனுப்பின, அவரு சாங்ஷனே பண்ணல."

"இதுக்கெல்லாம் யாராவது கொலை பண்ணுவாங்களா?"

"நீ பண்ணுவே. உன் மூஞ்சியப் பாத்தாலே எல்லாரும் நம்பிடுவாங்க. ஏன் லில்லி?"

லில்லி அடுப்படியிலிருந்து, "நான் மொதல்லயே நெனச்சேன்" என்றார்.

நான் ஒத்துக்கொண்டேன். தள்ளிய கோணம் சரியாக இருக்க வேண்டும், மாட்டிக்கொண்டதும் நான் அழக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் போட்டேன். ஒரே வாரத்தில் முடிக்கிறேன் என்றார். அடுத்த ஞாயிறு போனால் முடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ரீட்டாவுக்கு எல்லாத் துப்பும் கிடைத்துவிட்டது. பராமரிப்பு அறைப் பக்கம் நடக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் நடக்க மாட்டேன் என்கிறாள்.

"ஏன்கா நடக்க மாட்டேங்கறா? அவளுக்குக் காலா இல்ல?"

"மனசு வரலடா அவளுக்கு. உன்னைப் பிடிச்சுக் குடுத்துட்டா, அப்புறம் போர்டை யாரு பாப்பா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுத்திருப்பவர் என்றுகூடப் பார்க்கவில்லை. "புது எக்ஸ்சேஞ்சுக்கு என்னை மாதிரி ஆளே வேணாம். நான் ஜெயிலுக்குப் போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நானே சம்மதிச்சுட்டேன், உங்களுக்கு என்ன? அந்தக் கிளிப்புல தொங்கணுமா வேணாமா?" என்றேன். அவர் சிரித்தார். சிரித்தால் மூச்சு வாங்குகிறது, பேச வைக்காதே என்று லில்லி என்னை வெளியே அனுப்பினார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அடக்கம் எல்லாம் முடிந்த பிறகு லில்லி சீட்டுக் கட்டை என்னிடம் கொடுத்தார். "கடைசில என்னமோ எழுதினா. முடிக்கல போலிருக்கு, பாரு" என்றார். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை; வாசலில் பைக் மேல் உட்கார்ந்தே கடைசிச் சீட்டை எடுத்தேன். எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. ரீட்டா தன் போர்டு முன் உட்கார்ந்திருக்கிறாள். போலீஸ் ஸ்டேஷன் லைன் காத்திருக்கிறது. அவள் அதை எடுக்காமல் முதலில் கேன்டீனைக் கூப்பிடுகிறாள். "பராமரிப்பு ரூம்ல சேகர் அண்ணா இருப்பாரு. அவருக்கு ஒரு டீ அனுப்புங்க. குடிச்சு முடிக்கட்டும்."

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. லில்லிக்கு அது முடியாத கதையாகத் தெரிந்தது. நம் கம்பெனியில் வேலை செய்த யாருக்கும் அப்படித் தெரியாது. மனசு வந்துவிட்டது. அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கொலைகாரனை முடிவு செய்துவிட்டார்.

மிச்சத்தை நான் எழுதினேன். இரண்டு பக்கம். கம்ப்ளெயின்ட் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது, தெரியும். எழுத்தாளர் பெயர் எஸ்தர். என் பெயர் கதைக்குள் மட்டும். உங்கள் பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன், என்னுடையதை மாற்றவில்லை. அந்த ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பாக்கலாம் தம்பி" என்றார். அடுத்த வாரமும் போனேன். இந்த வாரமும் போவேன். எனக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். போட்டார் என்றால் அந்த மாதம் தாம்பரம் பிளாட்பாரத்தில் கிளிப்புக்கு நேரே போய் நிற்பேன். வாங்குவேனா என்று தெரியாது.

பழைய போர்டு இன்னும் என் அறை மூலையில்தான் நிற்கிறது. காயலான் கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், கொடுக்கவில்லை. புது எக்ஸ்சேஞ்சில் ஒரு தீப்பெட்டி வைக்கக்கூட இடம் கிடையாது. பழையதில் அந்த நாவல்கள் அப்படியே இருக்கின்றன. யாருக்கு வேண்டுமோ வந்து கேளுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டும். முடிவைச் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

மற்றபடி, வரதராஜன் சார், மாரியப்பன், இன்னும் அந்தக் கதையில் மாட்டி மாட்டி வெளியே வந்த எல்லோரும் நிம்மதியாக இருங்கள். டீ எனக்குத்தான் வந்தது. குடித்து முடித்துவிட்டேன். தள்ளியது நான்தான்.